விஞ்ஞான நூல் வாங்குமுன் வீட்டில் இருக்கும் பாடநூலைத் திறவுங்கள்

கோண்டாவிலிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மூத்த மகள் தரம் 8, இளைய மகன் தரம் 4. இருவருக்கும் தமிழில் என்ன விஞ்ஞான நூல்கள் வாங்கலாம், இணையத்தில் நம்பிப் பயன்படுத்தக்கூடியவை எவை, சென்னையிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த நூல்களைப் படித்தால் பரீட்சையில் குழப்பம் வருமா என்பன அவருடைய கேள்விகள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பித்தவன் என்ற முறையில், என் கையால் பயன்படுத்திப் பார்த்தவற்றை மட்டும் வைத்துப் பதில் எழுதுகிறேன்.

முதலில் வாங்க வேண்டிய நூல் எதுவும் இல்லை. அது ஏற்கெனவே உங்கள் மகளின் பையில் இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிட்டு, 1980 முதல் இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டுவரும் பாடநூல்களில் விஞ்ஞானப் பாடநூலைப் போலக் கவனமாகத் தயாரிக்கப்பட்ட வேறொரு தமிழ் விஞ்ஞான நூல் அந்த வயதுக்கு எளிதில் கிடைப்பதில்லை என்றே நான் நினைக்கிறேன். ஆயினும் ஆண்டிறுதியில் பிள்ளைகள் கொண்டுவரும் பாடநூல்களைப் பார்த்தால், பலவற்றின் முதுகுகூட மடிந்திருக்காது. ரியூசன் குறிப்புக் கொப்பிதான் கிழியக் கிழியப் படிக்கப்பட்டிருக்கும். பாடநூலில் நிறமிட்ட பெட்டிக்குள் ‘செயற்பாடு’ என்று தலைப்பிட்டு, தேவையான பொருட்களையும் செய்முறையையும் அவதானத்தையும் எழுதியிருப்பார்கள். பரீட்சைக்கு வராது என்று கருதித் தாண்டிப் போகப்படுவது அந்தப் பெட்டிதான். நான் அந்தப் பெட்டியைத்தான் நூலின் உயிர் என்று சொல்வேன். இந்த வார இறுதியில் மகளுடன் அமர்ந்து, பாடநூலை முதற்பக்கத்திலிருந்து புரட்டி, வீட்டில் செய்யக்கூடிய செயற்பாடுகளைப் பென்சிலால் அடையாளமிடுங்கள். அடுப்படியிலும் முற்றத்திலும் உள்ள பொருட்களைக் கொண்டே அவற்றிற் பலவற்றைச் செய்துவிடலாம் என்பது தெரியவரும். பாடநூல் தொலைந்திருந்தால் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து தமிழ் மொழிமூல நூலைத் தரவிறக்கிக்கொள்ளலாம். அதனோடு, மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் ஆசிரியர் வழிகாட்டியையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியருக்கென்று எழுதப்பட்டதாயினும், ஒரு பாடத்தின் முடிவில் பிள்ளை என்ன செய்ய வல்லவராக இருக்க வேண்டும் என்பதை அது தெளிவாகக் கூறுவதால், பெற்றோருக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

ஒரு செயற்பாடு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அடர்த்தி பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரு குவளைத் தண்ணீரில் மூன்று கரண்டி உப்பைக் கரைத்து, பீற்றூட் அவித்த நீரைச் சிறிது விட்டுச் சிவப்பாக்குங்கள். அதைக் கண்ணாடிக் குவளையொன்றில் பாதிவரை ஊற்றிவிட்டு, மேலே ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல வடியவிடுங்கள். கை பதறாமல் ஊற்றினால் கீழே சிவப்பும் மேலே தெளிவுமாக இரண்டு நீர்களும் பிரிந்து நிற்கும். அடுத்த நாட் காலையிலும் நிறம் முழுதாக மேலேறியிருக்காது. இதைப் பார்த்த பிள்ளையைப் புத்தூருக்கு அருகேயுள்ள நிலாவரைக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். அந்தக் கேணியில் மேல்நீர் நன்னீராகவும் ஆழம் செல்லச் செல்ல உவர்நீராகவும் இருப்பதை நம்மூரில் அறியாதவர் இல்லை. குவளையில் கண்டதே அங்கே நிலத்துக்குள் இருக்கிறது.

அங்கிருந்து இன்னும் ஒரு படி செல்லலாம். ஒரு கன மீற்றர் நன்னீரின் திணிவு 1000 கிலோகிராம். அதே கனவளவு கடல்நீரின் திணிவு ஏறத்தாழ 1025 கிலோகிராம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 25. ஆயிரத்தை இருபத்தைந்தால் வகுத்தால் 40 வரும். சுண்ணாம்புக்கற் பாறையின் துளைகளிலும் வெடிப்புகளிலும் தேங்கியிருக்கும் நமது மழைநீர், கீழே புகுந்துள்ள கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது இந்தக் கணக்கின் பொருள். மறுதலையாக, இறைப்பினால் மேல்மட்டம் ஓர் அடி இறங்கி அப்படியே நிலைத்துவிட்டால், கீழே உவர்நீர் காலப்போக்கில் நாற்பது அடி மேலேறும். தோட்டக் கிணறு ஏன் உவராகிறது என்ற கேள்விக்குத் தரம் 8 பிள்ளையே வகுத்தல் கணக்கால் விடை காணும்போது, அவளுக்கு விஞ்ஞானம் வெளியூர்ச் சரக்காகத் தோன்றாது. இதை நான் வகுப்பில் செய்தபோதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை, “சேர், எங்கட வீட்டுக் கிணறும் அப்படித்தான்” என்று எழுந்து நிற்கும். அதன்பிறகு அடர்த்திக்கு வரைவிலக்கணம் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவை வருவதில்லை.

இனிச் சென்னை நூல்களுக்கு வருகிறேன். இது கவனமாக விளக்கப்பட வேண்டிய விடயம். தமிழ்நாட்டில் வெளிவரும் சிறுவர் விஞ்ஞான நூல்கள் எண்ணிக்கையிலும் அழகிலும் நம்மிடம் உள்ளவற்றைவிடப் பல மடங்கு கூடியவை. அவற்றை ஒதுக்கினால் இழப்பு நம் பிள்ளைகளுக்குத்தான். ஆனால் கலைச்சொற்கள் இரண்டு கரைகளிலும் வேறு வேறாக வளர்ந்துவிட்டன. இங்கே அரசகரும மொழித் திணைக்களம் 1950களிலும் 60களிலும் பாடவாரியாகக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டு, அவற்றின்மீது நம் பாடநூல்கள் எழுந்தன. தமிழ்நாடு தன் வழியில் சென்றது. ஒட்சிசன், ஆக்சிஜன் என்பதுபோல ஒலியால் வேறுபடுவன பிள்ளைகளைக் குழப்புவதில்லை. ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை, கலம் அங்கே செல், மூலகம் அங்கே தனிமம், பச்சையவுருமணி அங்கே பசுங்கணிகம், அமுக்கம் அங்கே அழுத்தம், ஆர்முடுகல் அங்கே முடுக்கம். இவையும் பெரிய இடர் அல்ல. புதிய சொல்லைக் கண்டதும் பிள்ளை நின்று கேட்கும். உண்மையான ஆபத்து, இரு கரையிலும் ஒரே சொல் வேறு பொருளில் வழங்கும் இடங்களில் இருக்கிறது.

‘நிறை’ என்ற சொல் அத்தகையது. நம் பாடநூலில் ஒரு பொருளில் அடங்கியுள்ள சடத்தின் அளவு திணிவு. அதைக் கிலோகிராமில் அளக்கிறோம். அப்பொருளைப் புவி இழுக்கும் விசை நிறை. அதை நியூற்றனில் அளக்கிறோம். தமிழ்நாட்டு நூலில் கிலோகிராமில் அளக்கப்படுவதுதான் நிறை. நியூட்டனில் அளக்கப்படுவது எடை. பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி, மிகுந்த வாசிப்புப் பழக்கம் உள்ளவள், ‘கல்லின் நிறை 5 கிலோகிராம்’ என்று எழுதிப் புள்ளி இழந்தாள். அவள் எழுதியது ஒரு நூலின்படி முற்றிலும் சரி. அவளுடைய விளக்கத்தில் எந்தப் பிழையும் இருக்கவில்லை. விடைத்தாளைத் திருத்தியவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அன்று அவள் கண்கலங்கியதைக் கண்ட பின்னர்தான், வெளியூர் நூலைப் பிள்ளையின் கையில் வெறுமனே கொடுத்துவிட்டுப் போகக் கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டேன்.

வேகமும் அப்படித்தான். நாம் கதி என்பதைத் தமிழ்நாட்டில் வேகம் என்பார்கள்; நாம் வேகம் என்பதை அவர்கள் திசைவேகம் என்பார்கள். நாம் மூலம் என்று சொல்வதை அவர்கள் காரம் என்பார்கள். நம் நூல்களிலோ காரம் என்பது நீரிற் கரையும் மூலத்தை மட்டும் குறிக்கும். வேலை இரு இடத்திலும் வேலைதான். ஆனால் நமது சக்தியும் வலுவும் அங்கே ஆற்றலும் திறனும் ஆகும்.

இதற்கு நான் கண்ட வழி மிக எளியது. எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் மூன்று நிரல்களை வரையச் செய்யுங்கள். முதலாவது நிரலில் நம் பாடநூற்சொல், இரண்டாவதில் தமிழ்நாட்டுச் சொல், மூன்றாவதில் ஆங்கிலச் சொல். நம் பாடநூல்களின் பின்பகுதியிலும் பாட முடிவிலும் கலைச்சொற்களுக்கு ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் தரப்பட்டிருக்கும். அவற்றைக் கொண்டே மூன்றாவது நிரலை நிரப்பலாம். வெளியூர் நூலில் ஒரு புதிய சொல் வரும்போதெல்லாம் பிள்ளை தன் கையால் அதில் எழுத வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தாற் பயனில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானம் தமிழில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறும்போது நம் பிள்ளைகள் முதல் ஆண்டில் தடுமாறுவது யாவரும் அறிந்தது. தரம் 8 இல் தொடங்கிய கொப்பியின் மூன்றாவது நிரல் அந்த நாளில் கைகொடுக்கும். என் பழைய மாணவர் இருவர் அந்தக் கொப்பியை மருத்துவ பீடம்வரை கொண்டுசென்றார்கள்.

கொப்பி தயாரான பிறகு தமிழ்நாட்டு வளங்களைத் தயங்காமல் உள்ளே விடலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் வெளியிட்டுவரும் ‘துளிர்’ சிறுவர்களுக்கென்றே நடத்தப்படும் விஞ்ஞான மாத இதழ். உங்கள் உறவினர் அடுத்தமுறை வரும்போது பழைய இதழ்களாகச் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள், விஞ்ஞானத்தில் பழைய இதழ் என்பது பெரும்பாலும் பழையதாவதில்லை. தமிழ்நாட்டு அரசின் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் பாடநூலில் ஒரு படம் விளங்காதபோது, அதே பாடத்தை அங்கே எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது பல வேளைகளில் முடிச்சை அவிழ்க்கும். இந்தியாவின் நேஷனல் புக் டிரஸ்ட் சிறுவர்களுக்காக வெளியிட்ட மெல்லிய நூல்கள் விலை குறைந்தவை. சோவியத் காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் மீர் பதிப்பகமும் வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்புகள் எங்கள் தலைமுறையை வளர்த்தவை. பழைய ஆசிரியர் வீடுகளில் இன்னும் இருக்கும், கேட்டு வாங்குங்கள். யாழ். நகரில் பூபாலசிங்கம் புத்தகசாலைக்குப் பிள்ளையையும் கூட்டிச் சென்று, முதலில் பிள்ளையே ஒரு நூலை எடுக்கட்டும். வழுவழுப்பான தாளில் ‘ஆயிரம் அதிசயத் தகவல்கள்’ என்ற வகையில் வரும் நூல்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் விடைகள் இருக்கும், அந்த விடை எப்படிக் கண்டறியப்பட்டது என்பது இருக்காது.

தமிழில் விஞ்ஞானம் எழுதுவது நமக்குப் புதிதல்ல என்பதையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், 1847 இல் இலங்கைக்கு வந்து, தமிழிலேயே மருத்துவம் கற்பிக்க முடியும் என்று உறுதியாக நம்பி, உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை, மகப்பேற்று மருத்துவம் ஆகியவற்றின் நூல்களை மாணவர்களின் துணையோடு தமிழாக்கினார். இரசாயனத்துக்கு அவர் வெளியிட்ட நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’, ஆண்டு 1875. வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இல் தொடங்கி 1855 இல் மூடப்படும்வரை வானியலும் கணிதமும் அங்கே கற்பிக்கப்பட்டன. எந்தச் சொல்லைத் தமிழாக்குவது, எதை ஒலிபெயர்த்து எடுத்துக்கொள்வது என்று நாம் இன்று மூன்று நிரல்களில் எழுதிப் பார்க்கும் அதே சிக்கலோடுதான் கிறீனும் மானிப்பாயில் இருந்து மல்லாடினார்.

அண்மைக் காலத்துக்கு வந்தால், 1990களில் எழுத்தாளரும் பதிப்பாளருமான வரதர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியிட்ட ‘அறிவுக்களஞ்சியம்’ இதழை நான் குறிப்பிடாமல் இருக்க முடியாது. பொருளாதாரத் தடையால் தாளும் இல்லை, மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை என்றிருந்த காலத்தில் மாணவர்களுக்கென்று ஓர் இதழ் வந்தது. அதை ஜாம் போத்தல் விளக்கின் கீழ் வாசித்தோம். அந்த நாட்களில் மின்காந்தத் தூண்டலை நான் கரும்பலகையில் கற்பிக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலி கேட்காத வீடு எங்கள் ஒழுங்கையில் இருக்கவில்லை. டைனமோ தருவது திசை மாறி மாறிப் பாயும் ஆடலோட்டம் என்பதால், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் இருவாயிகள் நான்கையும், மின்னேற்றத்தைச் சேமிக்கும் கொள்ளளவி ஒன்றையும் இடையில் இணைத்தாலன்றி வானொலி இரைந்துகொண்டே இருக்கும். ஏன் இரைகிறது என்று ஒரு பையன் கேட்டான். அன்று தொடங்கிய பாடம் இரண்டு வாரம் நீண்டது. வானொலியைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் பெடல் இலகுவாக ஓடுவதையும், மின்குமிழைப் பூட்டியதும் கை கனப்பதையும் பிள்ளைகள் தம் தோளிலேயே உணர்ந்தார்கள். சக்திக் காப்பு விதியை அதைவிடத் தெளிவாக நான் பின்னர் எந்த ஆய்வுகூடத்திலும் காட்டவில்லை. பழைய சைக்கிள் டைனமோ ஒன்று உங்கள் வீட்டுக் கொட்டிலில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள்.

‘அறிவுக்களஞ்சியம்’, 1970களில் வெளிவந்த ‘ஊற்று’ போன்ற இதழ்களை இன்று ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் இலவசமாக வாசிக்கலாம். 2005 இல் தொடங்கப்பட்ட அந்தத் தளம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேமித்து வருகிறது. அதில் தேடி எடுக்கும் கட்டுரைகளுக்கு ஒரு தனிப் பயன் உண்டு: அவை நம் பாடநூற் கலைச்சொற்களிலேயே எழுதப்பட்டவை, ஆகவே இரண்டாவது நிரலின் தேவை அங்கே இல்லை.

நூலகம் என்றதும் கல்லால் கட்டிய நூலகத்தையும் சொல்ல வேண்டும். 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் இன்று சிறுவர் பகுதி இயங்குகிறது. உங்கள் பக்கத்துக்குச் சுன்னாகம் பொது நூலகமும், பிரதேச சபைகளின் சிறு நூலகங்களும் இருக்கின்றன. இரு பிள்ளைகளையும் அவர்கள் பெயரிலேயே அங்கத்தவர்களாக்குங்கள். தன் பெயர் எழுதிய அட்டையோடு நூலை இரவல் எடுக்கும் பிள்ளை, திருப்பிக் கொடுக்கும் நாளுக்கு முன் அதை வாசித்துவிடும்.

இணையத்தைப் பற்றிச் சில சொற்கள். கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்தில் தரவாரியாகப் பாடங்கள் தமிழிலும் உள்ளன. பாடசாலைக்குச் செல்ல முடியாத நாட்களில் உதவும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ தளத்தில், திரையிலேயே செய்து பார்க்கும் பரிசோதனைகள் இருக்கின்றன. பௌதிகவியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002 இல் தொடங்கிய முயற்சி அது. மின்சுற்று அமைக்கும் பரிசோதனையில் பிள்ளை கம்பிகளை இணைத்து, மின்குமிழைப் பூட்டி, குறுஞ்சுற்று ஏற்படுத்தி எரியவிட்டுக்கூடப் பார்க்கலாம். அவற்றிற் பலவற்றுக்குத் தமிழ் வடிவம் உண்டு, தரவிறக்கி இணையம் இல்லாமலும் இயக்கலாம். எனினும் கையால் ஒருமுறை செய்த பின்னரே திரைக்குச் செல்ல வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். திரையில் கம்பி ஒருபோதும் துருப்பிடிப்பதில்லை, இணைப்பு ஒருபோதும் தளர்வதில்லை. உண்மையான மின்குமிழ் எரியாமல் போகும்போது ஏன் என்று தேடுகின்ற அரை மணித்தியாலத்தில்தான் பிள்ளை மின்சுற்றைப் படிக்கிறது.

கையால் செய்வதற்கு இந்தியாவின் அரவிந்த் குப்தாவின் தளத்தை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கழித்த பொருட்களிலிருந்து விஞ்ஞான விளையாட்டுப் பொருட்களைச் செய்யக் கற்பிப்பதற்கே தன் வாழ்நாளைக் கொடுத்தவர் அவர். 2018 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. நூல்களும் குறும்படங்களும் இலவசம், தமிழிலும் உண்டு. அங்கு காட்டப்படும் மின்மோட்டரை உங்கள் மகள் கட்டாயம் செய்ய வேண்டும். ஒரு பற்றரி, இரண்டு சட்டை ஊசி, பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம், மோட்டர் சுற்றும் கடையில் கேட்டால் கிடைக்கும் மூன்று முழம் எனாமற் செப்புக் கம்பி ஆகியவை போதும். கம்பியைப் பத்துச் சுற்றுச் சுருளாக்கி, இரு முனைகளையும் நேராக நீட்டி, ஒரு முனையில் எனாமலை முழுதாகவும் மறுமுனையில் மேற்பக்கம் மட்டும் சுரண்ட வேண்டும். இரண்டையும் முழுதாகச் சுரண்டினால் சுருள் நடுங்கிவிட்டு நிற்கும். பெரும்பாலான பிள்ளைகள் முதல் தடவை அப்படித்தான் செய்வார்கள். அப்போது உடனே திருத்திவிடாதீர்கள். பாதி மட்டும் சுரண்டினால் ஏன் சுற்றுகிறது என்பதை அவளே கண்டுபிடிக்க இரண்டு நாள் கொடுங்கள்.

தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியது. அதன் தொடக்கத்திலும் வளர்ச்சியிலும் யாழ்ப்பாணத்தவரான மயூரநாதனுக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே ஒரே கட்டுரைக்குள் இரு நாட்டுச் சொற்களும் கலந்து வருவதால், முற்சொன்ன கொப்பிக்கு அது நல்ல தீனி. காணொளிகளைப் பொறுத்தவரை, பேசுபவர் எந்தப் பாடத்திட்டத்துக்குப் பேசுகிறார் என்பதை முதலில் பாருங்கள். மற்றபடி அவரவர் ருசி.

பரீட்சை வினாத்தாள்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். கடந்தகால வினாத்தாள் நல்ல கருவிதான், தரம் 10 முடிவில். தரம் 8 இல் அதைக் கொடுப்பது, காய்க்க முன்னரே மரத்தை உலுக்குவது போன்றது. கடைகளில் விற்கும் மாதிரி வினாத்தாட் தொகுப்புகளுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கலாம். அது இரு பிள்ளைகளுக்கும் பல ஆண்டுகள் உதவும்.

தரம் 4 மகனுக்கு வருகிறேன். அவனுக்கு விஞ்ஞானம் என்று தனிப் பாடம் இல்லை. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்துக்குள் எல்லாம் அடங்கும். அந்தப் பெயரே அவனுக்கு என்ன தேவை என்பதைச் சொல்கிறது. அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை என்பதால் இப்போதே அவன்மேல் பயிற்சிப் புத்தகங்கள் குவியத் தொடங்கியிருக்கும் என்று ஊகிக்கிறேன். அவற்றுக்கிடையில் நாளொன்றுக்கு அரை மணி நேரத்தை அவனுக்காகக் காத்துக்கொடுங்கள். வாசிப்பதற்குப் பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக உள்ளன. வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்திருப்பார்கள். எறும்பு, மழை, நட்சத்திரம் என்று இயற்கையைப் பற்றியவற்றைத் தேர்ந்து, கைத்தொலைபேசியை நீங்கள் பிடித்திருக்க அவன் உரக்க வாசிக்கட்டும். செய்வதற்கு முற்றத்துச் செவ்வரத்தம்பூ போதும். ஐந்தாறு பூக்களின் இதழ்களைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்தால் ஊதா கலந்த சிவப்பு நீர் கிடைக்கும். ஒரு கரண்டி நீரில் தேசிக்காய்ப் புளி விட்டால் பளிச்சென்ற சிவப்பாகும். சவர்க்காரக் கரைசல் விட்டால் பச்சைக்கு மாறும். அமிலத்தையும் காரத்தையும் நிறமாற்றத்தால் காட்டும் பாசிச்சாயத்தாளை அவன் தரம் 6 இற்குப் பின்னர் சந்திக்கும்போது அது ஏற்கெனவே தெரிந்த முகமாக இருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பையும் சோதித்துப் பார்க்கலாம், ஆனால் அதை நீங்களே தொட்டு விடுங்கள்; கண்ணிற் பட்டால் பெரும் தீங்கு.

இரு பிள்ளைகளும் சேர்ந்து செய்வதற்கு ஒன்றை இறுதியாகத் தருகிறேன். இதற்குச் செலவே இல்லை, ஆனால் ஓராண்டு ஆகும். முற்றத்தில் நிழல் விழாத சமதரையில் ஒரு மீற்றர் உயரம் வெளியே தெரியும்படி நேரான கம்பு ஒன்றை நாட்டுங்கள். செங்குத்தாக இருக்கிறதா என்று நூலில் கல் கட்டிப் பாருங்கள். யாழ்ப்பாணம் மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.7 பாகையில் இருப்பதால், சூரியன் ஆண்டில் இருமுறை நம் தலைக்கு நேர்மேலே வருகிறது. ஒன்று சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில், மற்றது ஓகஸ்ட் மாதக் கடைசியில். அந்த நாட்களில் நண்பகல் 12.10 அளவில் கம்பின் நிழல் அதன் அடிக்குள் ஒடுங்கிவிடும். யூன் 21 இல் நிழல் தெற்குப் பக்கமாக ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் விழும். டிசம்பர் 21 இல் வடக்குப் பக்கமாக ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர் விழும். இந்த எண்களைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகன் நிழலின் நுனியில் ஒரு சிறு கல்லை வைக்கட்டும். மகள் நீளத்தை அளந்து கொப்பியில் திகதியோடு எழுதட்டும். நிழல் மிகக் குறுகும் கணத்தைப் பிடிக்க, பன்னிரண்டு மணியிலிருந்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்துகொண்டே இருக்க வேண்டும். மாரி மழை டிசம்பரை மூடிக்கொண்டால் தைப்பொங்கல் அன்று அளக்கலாம். அன்று நிழல் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் இருக்கும், மிகக் குறுகும் நேரமும் 12.10 ஆக இராமல் 12.19 அளவுக்குத் தள்ளிப்போயிருக்கும். அந்த ஒன்பது நிமிடம் எங்கிருந்து வந்தது என்று மகள் கேட்டால், அவளை அழைத்துக்கொண்டு நூலகத்துக்குப் புறப்படுங்கள்.